நீலா சுற்றிய கம்பிச்சுருள்

கல்யாணமான மறுமாதம், கோட்டுச்சேரி வீட்டிலிருந்து அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து காரைக்கால் கல்லூரிக்கு வந்தேன். 1987. மீகடத்தி என்ற சொல் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்ட வருஷம். குளிரவைத்தால் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள் அது. இயற்பியல் துறையில் அவரோடு எனக்கும் வேலை. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். கடல் காற்றில் சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஆய்வுக்கூடக் கதவைத் திறந்ததும் தாழம்பூ வாசனை அடித்தது.

"இங்க யாருங்க பூ வச்சது?" என்றேன்.

என் கணவர் சுவாமிநாதன் மேஜைமேல் இருந்த செம்புக் கம்பிச்சுருளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இறந்துபோன முதல் மனைவி நீலாயதாட்சி தன் கையால் சுற்றியது. அதைத் தொட்ட மாதிரி அவர் என்னை ஒரு நாளும் தொட்டதில்லை.

பொறாமைதான். செத்தவள்மேல் என்ன பொறாமை என்று கேட்பவர்கள் இரண்டாம் தாரமாக வாழ்ந்து பார்க்கட்டும்.

வேலை இதுதான். மீகடத்திப் பொருளால் ஆன கறுப்பு வில்லையைச் சுருளுக்குள் வைத்து, மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசிக்காக வைத்திருக்கும் திரவ நைட்ரஜனில் கொஞ்சம் வாங்கிவந்து, அதில் மெல்ல இறக்க வேண்டும். குளிர்ந்து மீகடத்தியானதும் வில்லை தனக்குள் காந்தத்தை நுழையவிடாது. சுருளோடு இணைத்த மீட்டரின் முள் சட்டென்று விழும். எந்த வெப்பநிலையில் விழுகிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டும். குளிர்ந்த வில்லைமேல் சின்னக் காந்தத்தை வைத்தால், ஒரு நெல்லளவு இடைவெளி விட்டு அந்தரத்தில் நிற்கும். அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போகும்.

வில்லையை அரைத்து, அழுத்தி, உலையில் சுட்டவள் நான். அவரோ, "நீலா சுருள் ஏமாத்தாது" என்று அவளைத்தான் மெச்சினார்.

அவர் வகுப்புக்குப் போன ஒரு மத்தியானம் சுருளை அவிழ்த்தேன். அதே கம்பியை என் கையால் சுற்றிவிட்டால் அது என் சுருள்.

அட்டெண்டர் முத்தையன் பார்த்துவிட்டுப் பதறினார். "மூத்தாளுக்குப் புடவை வச்சுக் கும்பிட்டீங்களாம்மா? கும்பிடாம அவங்க பொருள்ல கை வைக்காதீங்க."

"பிசிக்ஸ் லேப்ல நின்னு பேசற பேச்சா இது?" என்று சிரித்தேன்.

கம்பி ஜில்லென்று இருந்தது. விரல் மரத்துப்போகும்வரை சுற்றினேன். அவர் திரும்பி வந்ததும், சரிபார்க்க வெறும் சுருளை மீட்டரில் இணைத்தேன்.

முள் விழுந்தது.

வில்லை என் உள்ளங்கையில் இருந்தது.

நைட்ரஜன் குடுவையை இன்னும் திறக்கவேயில்லை.

தாழம்பூ வாசனை மூச்சை அடைத்தது. அவரோ பயப்படவில்லை. முள்ளைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததேயில்லை.

அன்றே கடைத்தெருவில் புடவை வாங்கினேன். பூவும் மஞ்சளும் சேர்த்து அவள் படத்தின்முன் வைத்து விழுந்து கும்பிட்டேன். "எடுத்துக்குங்கக்கா. அவரை எனக்கு விட்டுடுங்க."

விளக்கேற்றும் நேரம். அவர் கூடத்து நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். பின்னால் போய்த் தோளில் கை வைத்தேன்.

கை போய்ச் சேரவில்லை.

ஒரு நெல்லளவு இடைவெளி. அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு விலகியது. மறுபடியும் அழுத்தினேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே, அங்கே யாரோ கை வைத்திருப்பதுபோல, தன் இன்னொரு தோளை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"உன் கை ஏன் இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு, நீலா?"