அவன் இறக்கிய கடைசி வலை

ஆய்வுகூட அடித்தளத்துக் குளிரறைக்குப் பிரியந்தி வந்தபோது வெளியே லண்டன் மழை. நோர்பரியில் பஸ் ஏறும்போதே நனைந்த கோட் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் ஃபோர்மலின் நெடி மூக்கில் ஏறியது. ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்கு தயங்கி எரிந்தது.

கைபேசியில் மாமி.

“நாளைக்கு அந்தியேட்டி, பிள்ளை. நீ வந்து இருக்கோணும்.”

“உடம்பே கிடைக்கேல்லை மாமி. என்னெண்டு செய்யிறது?”

“அதுக்காக என்ரை பிள்ளையின்ரை சீவனை அந்தரிக்க விடுறதோ? ஒரு ஓம் சொல்லு.”

“பின்னேரம் சொல்லுறன்.”

அந்த ஈமக்கிரியைக்கு ஓம் என்று சம்மதித்தால், அவள் கணவன் நிசாந்தன் செத்துவிட்டான் என்றாகிவிடும். அந்தச் சொல்லுக்கு அவள் வாய் திறக்க மறுத்தது.

வடதுருவக் கடலில், சூரியனே எழாத மாதத்தில், வலை இறக்கும்போது அவன் ஆய்வுக் கப்பலிலிருந்து விழுந்தான். வலை மட்டும் ஏறி வந்தது. அதில் அரிசிக் குறுணியளவு மிதவை உயிர்கள். வழக்கம்போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை எண்ணுவதற்காக ஃபோர்மலின் விட்டுக் கொன்றுவிடுவார்கள். மறுபாதி என்ன தின்கிறது என்று பார்க்க உயிரோடு வரும்.

குளிர்காலத்தில் அவை ஆழத்தில் பட்டினியாக உறங்க வேண்டும். கடைசித் தடவை அவளோடு பேசியபோது அவன் சொன்னான்: “ஒண்டும் உறங்கேல்லையப்பா. எல்லாத்துக்கும் வயிறு நிரம்பியிருக்கு. என்னத்தைத் திண்டுதுகளோ தெரியேல்லை.”

அந்தக் கடைசி வலையின் போத்தலை மேல்தட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். வலை இறக்குமுன்பே லேபிள் எழுதி ஒட்டுவது அவன் வழக்கம். அந்தக் கையெழுத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், கண்ணை மூடிக்கொண்டே லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

போத்தல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அசையாமல் நின்றாள்.

விளக்கு அணைந்தது.

“இஞ்சாருங்கோ,” என்றாள் மெதுவாக. “இருக்கிறீங்களெண்டா மேலை வாங்கோ.”

இருட்டில் அவை எப்படியும் மேலே வரும். வெளிச்சம் பட்டால் கீழே போகும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டாள். கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ குளிர்ந்து வந்து அழுத்தியது.

கையை எடுத்தாள். விளக்கு எரிந்தது.

அவை கீழே போகவில்லை.

அவள் கை இருந்த இடத்தில், சிவந்த வயிறுகள் நெருங்கி நெருங்கி, ஒரு பெரிய கையாக ஒட்டியிருந்தன. அதன் சுண்டுவிரலுக்கு நுனி இல்லை.

நிசாந்தனின் சுண்டுவிரல் நுனி போன வருசம் வலைக் கயிற்றில் போனது.

அழுதுகொண்டே மாமிக்கு எழுதி அனுப்பினாள். அந்தியேட்டி வேண்டாம். அவர் இருக்கிறார்.

“அக்கா, இதிலையே நிக்கிறியள்?” கூட வேலை செய்யும் பெர்னடெற் உள்ளே வந்தாள். “உயிரோடை இருக்கிறது கீழ்த்தட்டிலை எல்லோ. இதை ஏன் எடுத்தனீங்கள்?”

“இது அவரின்ரை போத்தல்.”

“ரெண்டும் அவரின்ரைதான். இது கப்பலிலையே ஃபோர்மலின் விட்டது. எல்லாம் செத்திட்டுதுகள்.”

லேபிளைக் காட்டப் பெர்னடெற் போத்தலைத் திருப்பினாள்.

போத்தல் திரும்பியது. கை திரும்பவில்லை. அது பிரியந்தியைப் பார்த்தபடியே நின்றது.

“அன்னை மரியே,” என்றாள் பெர்னடெற்.

இருவரும் மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். விளக்கு அணைந்தது.

பிரியந்தி அசையவில்லை. அவள் கையை இறுகப் பிடித்திருந்த பெர்னடெற்றும் அசையவில்லை.

விளக்கு எரிந்தது.