அலையாத்திக் காட்டில் கேட்ட துடிப்பு

படகு மட்டும்தான் திரும்பி வந்தது, அதுவும் கவிழ்ந்த நிலையில். கோரையாறு கடலில் சேரும் இடத்தில் மிதந்துகொண்டிருந்த அதை, காலையில் மீனுக்குப் போனவர்கள் இழுத்து வந்து ஜாம்புவானோடை படகுத்துறையில் கட்டினார்கள். அதை ஓட்டிப் போன சிங்காரவேலுவைக் காணவில்லை.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வாய்க்கால்களில் படகோட்டுவது அவன் தொழில். பறவை ஆராய்ச்சிக்காக நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த பிரிசில்லாவுக்கு அவன்தான் துணை. நாரைகளின் முதுகில் பொருத்துகிற சிறிய டேக்குகள் இருந்த பையையும், அவை அனுப்பும் சிக்னலைக் கேட்கும் கருவியையும் காட்டுக்குள் இருக்கும் கொட்டகையில் சேர்ப்பதற்காக முந்தின நாள் மதியம் தனியாகக் கிளம்பியிருந்தான். மாலையில் காற்று சுழன்று அடித்தது. அதற்குப் பிறகு தகவல் இல்லை.

தேடப் போன படகுகள் எல்லாம் கடல் பக்கம் திரும்பின. படகு அங்கேதானே கிடைத்தது. ஆனால் அவன் தம்பி காத்தமுத்து மட்டும் துறையிலேயே நின்றான்.

"எங்கண்ணன் கடலுக்குப் போகல. படகுதான் தண்ணி போக்குல போயிருக்கு. ஆளு காட்டுக்குள்ளதான் கெடக்குது."

"அவ்வளவு பெரிய காட்டுல எங்க போய்த் தேடுவ?" என்றார் ஒருவர்.

அவர் கேட்டதும் சரிதான். அந்தக் காட்டில் ஒரு வாய்க்காலைப் போலவே அடுத்த வாய்க்கால் இருக்கும். பத்தடி தள்ளி நிற்பவனைக்கூட மரங்கள் மறைத்துவிடும். குடிக்க நல்ல தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது.

பிரிசில்லா அவன் அருகே வந்தாள். அழுது அவள் கண்கள் சிவந்திருந்தன.

"காத்தமுத்து, அந்த டேக் ஒவ்வொண்ணுலயும் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். அதப் பிச்சு எடுத்தா சிக்னல் அனுப்ப ஆரம்பிச்சிரும். அண்ணனுக்கு அது தெரியும். பை அவங்க கையில இருந்தா கண்டிப்பா செஞ்சிருப்பாங்க. ஆனா கேக்குற கருவியும் அந்தப் படகுலதான போச்சு. வேற ஒண்ணு சென்னையிலேருந்து வரணும். நாளைக்குத்தான் வரும்."

காத்தமுத்து துறையின் படியேறினான். "வாங்கக்கா, மெஹ்ராஜ்கிட்ட போவோம்" என்றான்.

மெஹ்ராஜ் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். கடைவீதியில் தன் வாப்பாவோடு செல்போன் பழுது பார்க்கும் கடை நடத்துகிறாள். இருவரும் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உங்ககிட்ட இன்னொரு டேக் இருக்காக்கா?"

"ரூம்ல ஒண்ணு கெடக்கு."

"எடுத்துட்டு வாங்க. செஞ்சு பாத்துருவோம். நல்லா இருக்கும்னு சொல்ல மாட்டேன். கேக்கும்."

பிரிசில்லா திரும்பி வருவதற்குள் மெஹ்ராஜ் பழைய சாமான் சாக்கைத் தரையில் கொட்டியிருந்தாள். உடைந்த சார்ஜர்கள், செத்துப்போன போன்கள், காரிலிருந்து கழற்றிய ஸ்டீரியோ. அந்தக் குவியலிலிருந்து மூடி பிளந்த ஒரு எஃப்.எம். ரேடியோவை எடுத்துத் திறந்தாள். உள்ளே சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு செப்புக் கம்பிச் சுருள் இருந்தது.

"இந்தச் சுத்தைக் கொஞ்சம் விலக்கிவிட்டா ரேடியோ ஸ்டேஷனுக்கெல்லாம் மேல போய்க் கேக்கும். உங்க டேக் அங்கதான் பேசுது."

ஊக்கு முனையால் மெதுவாக விலக்கினாள். டேக்கை மேசையில் வைத்துவிட்டு ரேடியோவின் திருகைத் திருப்பினாள். இரைச்சல் மட்டும் வந்தது. இன்னும் விலக்கினாள். சுருள் ஒடிந்து கையோடு வந்தது.

காத்தமுத்து எழுந்துவிட்டான். "நான் படகை எடுக்குறேன். கத்திக் கூப்பிட்டே தேடிக்கிறேன்."

"உக்காரு" என்றாள் மெஹ்ராஜ், தலையைத் தூக்காமல்.

கார் ஸ்டீரியோவைப் பிரித்து அதிலிருந்த சுருளை எடுத்தாள். ஒரு சுற்றை வெட்டினாள். அவள் வாப்பா சூடேறிய சால்டரிங் அயர்னை நீட்டினார். அதை எஃப்.எம். ரேடியோவில் பற்றவைத்துத் திருகைத் திருப்பியபோது அந்தத் தொடர்ந்த இரைச்சலுக்கு நடுவே கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு அமைதி வந்தது. மறுபடி இரைச்சல். மறுபடி அமைதி.

"பீப்னு கேக்கலியே?" என்றாள் பிரிசில்லா.

"இது அப்படிச் சொல்லாதுக்கா. சிக்னல் வர்ற நேரம் இரைச்சல் அடங்கும். நாம அந்த அமைதியைத்தான் கேக்கணும்."

மாடியில் சும்மா கிடந்த பழைய டி.வி. ஆண்டெனாவின் அலுமினியக் குழாய்களை அறுத்து, ஒரு பிளாஸ்டிக் குழாயில் குறுக்கே மூன்றாகக் கட்டினார்கள். டிஷ் ஒயர் ஒன்று ஆண்டெனாவை ரேடியோவோடு இணைத்தது. எந்தப் பக்கம் நீட்டினால் அமைதி தெளிவாகக் கேட்கிறதோ, அந்தப் பக்கம்தான் டேக் இருக்கும்.

"தண்ணி பாட்டில் நெறைய எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார் வாப்பா.

காத்தமுத்துவின் படகு காட்டுக்குள் நுழைந்தது. இரு கரையிலும் அலையாத்தி மரங்கள் தண்ணீருக்குள் வேரூன்றி நின்றன. மெஹ்ராஜ் முன்னால் உட்கார்ந்து ஆண்டெனாவை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே வந்தாள். ஒரு வாய்க்கால் முடிந்து அடுத்தது வந்தது. இரைச்சல் மாறவே இல்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது அது கேட்டது. இரைச்சல் விட்டுவிட்டு அடங்கும் லேசான, ஆனால் ஒழுங்கான துடிப்பு.

"இருக்கு!" என்றாள் மெஹ்ராஜ்.

காத்தமுத்து துடுப்பை அழுத்தினான். துடிப்பு பலமானது. "அண்ணே!" என்று அவன் கூப்பிட்ட குரல் மரங்களுக்குள் போய்த் தேய்ந்தது. திடீரென்று துடிப்பு இடப்பக்கத்திலிருந்து நகர்ந்து நேராக வந்து, வலப்பக்கம் போயிற்று. மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைக்கு மேலே ஒரு நாரை நிதானமாகச் சிறகடித்துக் கடந்துகொண்டிருந்தது.

பிரிசில்லா முகத்தை மூடிக்கொண்டாள். "அது போன வருசம் நான் மாட்டின டேக்."

காத்தமுத்து துடுப்பைக் கீழே வைத்துவிட்டான். படகு தானாக நகர்ந்து ஒரு வேரில் இடித்து நின்றது. மெஹ்ராஜ் ரேடியோவை நிறுத்தக் கை வைத்தாள்.

"நில்லு, நிறுத்தாத." பிரிசில்லா ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டாள். பறவை தூரம் போகப்போக அதன் துடிப்பு தேய்ந்தது. அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. "பழைய டேக் மெதுவா துடிக்கும். புதுசு வேகமா துடிக்கும். இது வேகமா இருக்கு, கேட்டியா? இது பறவை இல்ல. இது நம்ம பை."

அந்தத் துடிப்பு வந்த திசையில் வாய்க்காலே இல்லை. படகைக் கட்டிவிட்டுச் சேற்றில் இறங்கினார்கள். முழங்கால்வரை புதைந்தது. ஈட்டி முனைபோல மேலே நீட்டிக்கொண்டிருந்த மூச்சு வேர்கள் காலைக் குத்தின. ஓரிடத்தில் மெஹ்ராஜ் இடுப்புவரை உள்ளே போய்விட்டாள். ரேடியோவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். காத்தமுத்து மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு அவளை இழுத்தெடுத்தான்.

கொஞ்ச தூரம் போனதும் எந்தப் பக்கம் நீட்டினாலும் துடிப்பு ஒரே அளவாகக் கேட்டது.

"கெட்டுப்போச்சா?" என்றான் காத்தமுத்து.

"இல்ல. ரொம்பக் கிட்ட வந்துட்டோம்." அவள் ஆண்டெனாவின் ஒயரைப் பிடுங்கினாள். ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினாள். ஒரு பக்கம் திரும்பியபோது துடிப்பு மங்கியது. "என் உடம்பு மறைக்குது. அப்ப ஆளு எனக்குப் பின்னாடிதான்."

அவள் முதுகு காட்டிய திசையில், ஒரு மரத்தின் மேல்கிளையில் சேறு காய்ந்த சட்டை ஒன்று கொடிபோலத் தொங்கியது. அதன் நுனியில் டேக் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. கீழே, மரத்தின் கவட்டில் சாய்ந்து கிடந்தான் சிங்காரவேலு.

காத்தமுத்து சேற்றில் விழுந்து எழுந்து ஓடினான். அண்ணனின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்தான். உதடு வெடித்து, வலது கால் வீங்கிக் கோணியிருந்தது. ஆனால் கண் திறந்தது.

"படகு கவுந்து, ஏறுன தண்ணி என்னை இந்த மரத்துல கொண்டாந்து மோதிருச்சு. கத்திப் பாத்தேன்டா" என்றான் சிங்காரவேலு. குரல் காற்றாகத்தான் வந்தது. "தொண்டை போச்சு. அப்பறம்தான் இந்தம்மா சொன்ன காந்தம் ஞாபகம் வந்துச்சு."

கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார்கள். பிரிசில்லா ஆண்டெனாவின் குழாயை முறித்து அவன் காலுக்கு அணையாக வைத்தாள். மெஹ்ராஜ் தன் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள். அப்போதுதான் கவனித்தார்கள். கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது.

"தண்ணி ஏறுது" என்றாள் மெஹ்ராஜ். "இவுங்களைத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் போக முடியாது."

"ஏறட்டும்" என்றான் காத்தமுத்து. "ஏறுனா படகு இங்கயே வந்துரும். நான் போய் எடுத்தாறேன். ஆனா திரும்பி வர்றதுக்கு வழி..."

அவள் ரேடியோவை அவன் கையில் வைத்தாள். "டேக் மரத்துலயே இருக்கட்டும். நெஞ்சோட பிடிச்சுக்கிட்டுச் சுத்து. எங்க மங்குதோ அதுக்கு எதிர்ப்பக்கம் வா."

அவன் போனான். அவர்கள் இருவரும் சிங்காரவேலுவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மூச்சு வேர்கள் எல்லாம் மூழ்கிவிட்டன. வெகு நேரத்துக்குத் தண்ணீர் இலைகளில் உரசும் சத்தம் மட்டுமே கேட்டது. நெஞ்சுக்கு ஏறியபோது பிரிசில்லா வாய்க்குள் ஜெபிக்கத் தொடங்கினாள்.

மரங்களுக்கிடையே முதலில் வந்தது ரேடியோவின் இரைச்சல். அப்புறம் படகின் மூக்கு. அதற்குப் பின்னால், ரேடியோவைச் சட்டைக்குள் மார்போடு கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கிளைகளைத் தள்ளியபடி காத்தமுத்து சிரித்துக்கொண்டே வந்தான்.

அவர்கள் துறைக்கு வந்து சேர்ந்தபோது கடல் பக்கம் தேடப் போன படகுகள் வெறுமனே திரும்பியிருந்தன. கரையில் துக்க வீடுபோல ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். படகில் நான்கு தலைகளைப் பார்த்ததும் ஒருவர் எழுந்தார். பிறகு எல்லாருமே எழுந்தார்கள். சிங்காரவேலு சாய்ந்தபடியே கையைத் தூக்கிக் காட்டினான். அப்போது எழுந்த சத்தத்தில் அக்கரை மரங்களிலிருந்த கொக்குகள் கலைந்து பறந்தன. அவன் மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு தண்ணீருக்குள்ளேயே ஓடி வந்தாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு மெஹ்ராஜ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். காத்தமுத்து டீ வாங்கி வந்து நீட்டினான்.

"நல்ல கருவியா ஒண்ணு செய்யணும்னா எனக்கு ஒரு வாரம் ஆயிருக்கும்" என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஒரு வாரம் கழிச்சு எவ்வளவு நல்ல கருவி வந்திருந்தாலும் எங்களுக்குப் பிரயோசனம் இல்ல" என்றான் காத்தமுத்து. "டீயைக் குடி, ஆறுது."