சாயந்திரம் எந்த வண்டி?

"ஹலோ மேடம்... துண்டு மேல உக்காந்துகினு இருக்கீங்க."

நேத்ரா நிமிர்ந்து பார்த்தாள். எதிர் சீட்டில் ஓர் இளைஞன். பெமல் நகர் ஸ்டேஷனில் ஏறி, கூட்டத்தில் நசுங்கி, ஒருவழியாகக் கண்டுபிடித்த ஜன்னலோர சீட்டு அது. அதன் மேல் கட்டம் போட்ட துண்டு ஒன்று விரித்திருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்துவிட்டாள். பெங்களூருக்குத் தினமும் இந்த வண்டியில் போகிறவர்கள் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். மாரிகுப்பத்தில் வண்டி புறப்படும்போதே ஏறுகிறவன், பங்காருபேட்டையில் ஏறப்போகும் நண்பனுக்காகத் துண்டு போட்டு வைப்பான். அதை எவனும் தொட மாட்டான்.

"ஆள் வரலையே?" என்றாள்.

"வருவான். துண்டு இருந்தா ஆள் இருக்கற மாதிரி."

"இல்லாத ஆளை இருக்கறதா நான் நம்பணுமா?"

"ஏன், சாமியக் கண்ணால பாத்துட்டுத்தான் கும்புடறீங்களா?"

கேட்டுவிட்டு அவன் சிரித்தான். முதலில் கண் சிரித்தது, அப்புறம்தான் உதடு. நேத்ராவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை... மடியில் இருந்த தத்துவப் புத்தகத்தை இழுத்து அணைத்துக்கொண்டு எழுந்தாள். அவனும் எழுந்து, தன் சீட்டைக் காட்டினான்.

"இதுல உக்காருங்க. நான் டோர்ல நின்னுக்கறேன். சட்டம் வேற, மரியாத வேற."

வாசு என்று பெயர். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் பையன். ஒயிட்ஃபீல்டில் பெரிய பெரிய அடுக்குமாடிகளில் லிஃப்ட் மெக்கானிக். "எங்க அப்பா தங்கச் சொரங்கத்துக் கேஜ்ல பூமிக்குள்ள எறங்கினாரு. நான் லிஃப்ட்டுல ஆகாசத்துக்கு ஏறிகினு இருக்கேன். குடும்பத்துக்கே கயித்துல தொங்கற ராசி" என்று அவனே சொன்னான்.

நேத்ராவின் அப்பா மனோகர், பெமல் ஃபேக்டரியில் இன்ஜினியர். திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். பெண் பி.ஏ. முடித்துவிட்டு, 'புனேயில் மதமும் தத்துவமும் எம்.ஏ. படிக்கப் போகிறேன்' என்றபோது அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "இந்த ஒரு கோடை உனக்கு. நுழைவுத் தேர்வுல தேறினா போ. இல்லன்னா நான் சொல்ற வேலைக்குப் போகணும்" என்றார். அதனால்தான் இந்த ரயில். பெங்களூரில் ஒரு பழைய நூலகம். வெளியே தராத புத்தகங்கள். திங்கள், புதன், வெள்ளி.

திங்கள், புதன், வெள்ளி என்று பார்த்து வாசுவும் டோரை விட்டு உள்ளே வந்து நிற்க ஆரம்பித்தான்.

"இன்னிக்கி இன்னா பாடம்?"

"மறுபிறவி."

"ஐயோ, மறுபடியும் இதே ட்ரெயினா?"

அவள் சிரித்து முடிப்பதற்குள் மாலூர் போய்விடும். ஒயிட்ஃபீல்டில் இறங்குவதற்கு முன்னால் அவன் தவறாமல் கேட்பான்: "சாயந்திரம் எந்த வண்டி?"

முதலில் மரியாதைக்குப் பதில் சொன்னாள். இரண்டாவது வாரம் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தாள். மூன்றாவது வாரம், அவன் கேட்பதற்கு முன்பே பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'என்ன இது நேத்ரா... ஒரு கேள்விக்கா இவ்வளவு?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். போன் நம்பர் கேட்கிற துணிச்சல் மட்டும் இரண்டு பேருக்கும் வரவில்லை. ஆத்மாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், பத்து இலக்க எண்ணைக் கேட்க வெட்கம்!

ஒரு நாள் அவள் அனுபலப்தி படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்டின்னா?"

"காணாமை. இருக்கற பொருளைக் கண்ணால பார்க்கலாம். இல்லாததை எப்படிப் பார்க்கறது? மேசை மேல குடம் இல்லைங்கறது நமக்கு எப்படித் தெரியுது? அதனால, காணாமையும் ஒரு தனி அறிவுன்னு சொல்றாங்க."

வாசு புத்தகத்தை எட்டிப் பார்த்தான். "எங்க வேலையில முக்கால்வாசி அதான். லிஃப்ட்டு ஓடச்சொல்ல சத்தம் வந்தா பயம் இல்ல. தெனம் வர்ற சத்தம் ஒருநாள் வரலன்னா... அன்னிக்கித்தான் தொறந்து பாக்கணும்."

நேத்ரா அதை அப்படியே நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். எழுதும்போது அவன் தன் விரல்களைப் பார்ப்பது தெரிந்தது. எழுத்து கோணலாகப் போயிற்று.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பெங்களூரில் கொட்டித் தீர்த்தது மழை. ஆட்டோ கிடைக்காமல், அவனிடம் சொன்ன வண்டியைத் தவறவிட்டாள். அடுத்த வண்டி நின்று நின்று ஊர்ந்து, ஒன்றரை மணி நேரம் கழித்து பெமல் நகர் வந்தது. இறங்கினால்... பிளாட்பாரத்தில் வாசு! மாரிகுப்பம் போக வேண்டியவன், இங்கேயே இறங்கி நின்றுவிட்டிருக்கிறான். தலையெல்லாம் நனைந்து, உதடு வெளுத்து. தன் ஜெர்கினைக் கழற்றி அவள் தலை மேல் போட்டான். குவார்ட்டர்ஸ் கேட் வரைக்கும் கூடவே நடந்துவிட்டு, "உள்ள போங்க" என்று மட்டும் சொன்னான்.

அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஜெர்கினில் கிரீஸ் வாசனை. அதைக்கூட ரசித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஆனால் திங்கட்கிழமை, ஒயிட்ஃபீல்டில் இறங்கும்போது அவன் கேட்கவில்லை.

மறந்திருப்பான் என்று நினைத்தாள். புதன்கிழமையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையும்... சிரித்தான், கிண்டல் செய்தான், பாடம் கேட்டான், அந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டான். காக்க வைத்ததில் வெறுத்துப்போய்விட்டானா? 'இவளுக்காக மழையில் நின்றதே அதிகம்' என்று நினைத்துவிட்டானா? நேத்ராவுக்கு ரோஷம் வந்தது. கேட்காதவனிடம் நானாகப் போய்ச் சொல்வதா? அவளும் சொல்லவில்லை. ஜெர்கினையும் திருப்பித் தரவில்லை. அது மட்டும் ரோஷத்தில் சேராது போலும்!

ஜூனில் தேர்வு எழுதினாள். நேர்காணலில், காணாமை எப்படி அறிவாகும் என்று கேட்டார்கள். சத்தம் வராத லிஃப்டைப் பற்றிச் சொன்னாள். பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

இடம் கிடைத்துவிட்டது. அதைச் சொல்வதற்கென்றே, நூலகத்தில் வேலை இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை ரயில் ஏறினாள்.

"சூப்பர்!" என்றான் வாசு. கண்ணும் உதடும் சேர்ந்தே சிரித்தன. அப்புறம் கண் மட்டும் நின்றுவிட்டது. "எப்ப கெளம்பறீங்க?"

"அடுத்த திங்கள் இல்ல, அதுக்கு அடுத்த திங்கள். ரெண்டு வருஷப் படிப்பு."

"ம்."

வண்டி டைக்கல் தாண்டியது. மாலூர் தாண்டியது. கேள், வாசு... எப்போது வருவாய் என்று ஒரு வார்த்தை கேள். லீவுக்கு வருவாயா, இந்த ரயிலில் ஏறுவாயா, ஏதாவது கேள்!

"வேற ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?" என்றாள் கடைசியில்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "மாட்டேன்."

ஒயிட்ஃபீல்டில் இறங்கிப் போனான். திரும்பியும் பார்க்கவில்லை. நேத்ரா கன்டோன்மென்ட் வரைக்கும் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜெர்கினைத் துவைத்து மடித்து ஒரு பையில் போட்டுக்கொண்டு ஸ்கெலட்டனுக்குப் போனாள். கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்தது. அவன் முகத்தையே பார்க்க வேண்டாம், யாராவது வீட்டில் இருந்தால் போதும்.

அவன் அம்மா ரத்தினம்மா இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே இரண்டு அறை. சுவரில் இளம் வயது ஆள் ஒருவரின் மாலை போட்ட படம். மகனுக்கு ஞாயிறும் டூட்டி என்றாள். "ட்ரெயின்ல படிக்கற பொண்ணு நீதானா? உக்காரும்மா" என்று காபி கொடுத்தாள். புனே என்றதும் வாயைப் பிளந்தாள்.

"அவ்ளோ தூரமா! மறுபடி எப்ப கண்ணு வருவே?"

நேத்ராவுக்கு அடக்க முடியவில்லை. "நீங்களாவது கேட்டீங்களே... உங்க பையன் கேக்கவே இல்லம்மா."

டம்ளரை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது. "கேக்கலியா?"

"முன்னால தினமும் கேப்பார், சாயந்திரம் எந்த வண்டின்னு. ஒரு நாள் மழையில எனக்காகக் காத்திருந்தார். அதுலேர்ந்து கேக்கறதே இல்ல."

ரத்தினம்மா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் வாணியம்பாடிலருந்து கட்டிகினு வந்தவ. இந்த லைன் பழக்கம் எனக்குத் தெரியாது. ஷிஃப்ட்டுக்குப் போறவங்கள எப்ப வருவேன்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்க. போறவங்க முதுகப் பாக்காம, இப்டி உள்ள திரும்பிக்குவாங்க. நான் ஒரு நாள் கேட்டுட்டேன்... ரெண்டாவது ஷிஃப்ட்டுக்குப் போனாரு. கீழ லெவல்ல பாறை வெடிச்சிடுச்சு. வாசுக்கு அப்ப ஒரு வயசு." படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேட்டதாலயா போனாரு? இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா வாய் வரமாட்டேங்குது. அவனும் அப்டியே வளந்துட்டான். பால்காரன, சீட்டுக்காரன, ஊர்ல இருக்கற எல்லாரையும் எப்ப வருவேன்னு கேப்பான். என்னிய மட்டும் கேட்டதே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேக்க மாட்டான்."

சொல்லிவிட்டு நேத்ராவின் முகத்தையே பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"ஐயோ, நான் தெரியாம உன்ன கேட்டுத் தொலச்சிட்டேனே!" என்று ரத்தினம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, சிரிப்பா என்று தெரியவில்லை. "கேட்டது கேட்டதா இல்லாம போவட்டும்... அவன் சாயந்திரம் வண்டில வருவான். ஸ்டேஷனுக்குப் போ."

நேத்ரா ஓட்டமும் நடையுமாகப் போனாள். தெரிந்த சத்தம் ஒரு நாள் வரவில்லை என்றால் திறந்து பார்க்க வேண்டும்... பேராசிரியர்களிடம் எவ்வளவு அழகாகச் சொன்னாள்! தன் கண்ணெதிரே ஒருவன் ஒரு மாதமாகக் கேட்காமல் இருந்ததே காதலைச் சொல்வதுதான் என்று தெரியவில்லையே. முட்டாள், முட்டாள்!

மாரிகுப்பம் ஸ்டேஷனில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேடுகள் மழையில் பழுப்பாகத் தெரிந்தன. வண்டி வந்தது. கடைசி ஸ்டேஷன் என்பதால் எல்லோரும் இறங்கிப் போனார்கள். வாசு அவளைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான்.

"இன்னா இங்க..."

"ஜெர்கினை வீட்டுல குடுத்துட்டேன்."

"அதுக்கு இவ்ளோ தூரமா?"

"இல்ல." மூச்சு வாங்கியது. இரண்டு மாதமாகப் படித்ததில் ஒரு வரி உதவிக்கு வரவில்லை. "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு வாசு. நீங்க சொல்வீங்கன்னு பார்த்துப் பார்த்து... இப்ப நானே சொல்றேன்."

அவன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். "நான் லிஃப்ட்டு ரிப்பேர் பண்றவன். உங்க அப்பா..."

"அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். எம்.ஏ.வுக்கே ரெண்டு நாள்தான் பேசாம இருந்தார். இதுக்கு ஒரு வாரம் இருப்பார். நான் கேக்கறது உங்களை."

தூறல் வலுத்தது. இரண்டு பேரும் கூரைக்குக் கீழே போகவில்லை.

"அம்மா சொல்லிட்டாங்களா?" என்றான் தாழ்ந்த குரலில்.

"சொன்னாங்க."

"படிச்சவங்க நீங்க. மூடநம்பிக்கைன்னு சிரிப்பீங்க."

"சிரிக்கல. வழியெல்லாம் அழுதுட்டு வந்தேன்."

வாசு தலை குனிந்தான். "அன்னிக்கி வண்டில நீங்க வரல. ஒன்றர மணி நேரம்... எங்க அம்மா இத்தினி வருசம் எப்பிடி இருந்திருப்பாங்கன்னு அன்னிக்கித்தான் தெரிஞ்சது. அதுக்கப்புறம் கேக்க வாய் வரல நேத்ரா. தொண்ட வரைக்கும் வருது. கேட்டுட்டு, நீங்க வராம போயிட்டா?"

"கேக்க வேண்டாம். உங்க லைன்ல கேக்கத்தான கூடாது? போறவங்க தானா சொல்லக் கூடாதுன்னு இல்லையே?" அவள் ஓர் அடி பக்கத்தில் வந்தாள். "டிசம்பர் பத்தொன்பது பரீட்சை முடியுது. இருபது கெளம்பறேன். இருபத்தொண்ணு இங்க இருப்பேன். யாரும் கேக்கல. நானா சொல்றேன்."

அவன் கண்கள் நிரம்பின. மழைதான் என்று சொல்லித் தப்பிக்கவும் அவன் முயலவில்லை.

"நீ..." என்றான். முதல் முறையாக, நீ. "நீ இல்லாத ட்ரெயின்ல எப்பிடி ஏறப்போறேன்னு வெள்ளிக்கிழமைலருந்து பயந்துகினு இருக்கேன். உன்ன அவ்ளோ புடிக்கும் எனக்கு. ரெண்டு வருசம் இல்ல, எத்தினி வருசம் படிச்சாலும் நான் உனக்குத்தான்."

நேத்ரா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் போகாத விரல்கள்.

"இப்ப போ... இருட்டப் போவுது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

சொன்னபடியே திரும்பி, வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. நேத்ரா அந்த முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அவள் போகவில்லை. புனே கிளம்பும் திங்கட்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.