யாரும் என்றால் நீயும்தான்

கோபம் வந்தால் ஜெபமலர் பென்சில் சீவுவாள். அந்த வாரம் இரண்டு புதுப் பென்சில்கள் கட்டருக்குள் போய்த் தீர்ந்தேபோயின.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. திருவனந்தபுரத்தில் அவள் படிக்கிற பள்ளியில் ஆறாம் வகுப்பு இரண்டு. மலையாள வகுப்பில் நாற்பது பேர், தமிழ் வகுப்பில் ஒன்பதே பேர். மலையாளப் பிள்ளைகளுக்குப் படம் போட்ட பயிற்சித்தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். தமிழ் வகுப்புக்கு, "அதையே பார்த்துப் புரிஞ்சுக்கோங்க" என்ற பதில்தான் கிடைக்கும்.

"புரிஞ்சா நாங்க ஏன் கேக்கப்போறோம்?" என்று முணுமுணுத்தவள், முணுமுணுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தானே வேலையில் இறங்கினாள்.

செரிமானப் பாடத்துக்கு ஓர் அருமையான பயிற்சித்தாள் பள்ளிக் கம்ப்யூட்டரில் இருந்தது. கண்ணூரில் ஷில்பா என்ற டீச்சர் மலையாளத்தில் செய்தது. ஜெபமலர் நான்கு நாள் உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதி, படங்களும் வரைந்து, சின்னப் புத்தகமாகத் தைத்தாள். புரியாத சொல்லுக்கு அம்மாவிடம் போனாள்.

"அம்மா, ஆமாசயம்னா என்ன?"

"இரைப்பைடீ. என்னோடது இப்பக் காலியா கெடக்கு. அந்தத் தோசையை இங்க தள்ளு."

அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'ஜெபமலரின் சொந்தம். யாரும் காப்பி எடுக்கக் கூடாது.'

'யாரும்' என்று எழுதும்போது அவள் மனதில் இருந்தது பின் பெஞ்சு சுஜித். போன வருடம் அவள் பயறு ஒட்டிச் செய்த கேரள வரைபடத்தை, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போனான். கண்காட்சியில் அது அவன் பெயரோடு நின்றது. பரிசும் வாங்கியது.

புத்தகத்தைத் தைத்து முடித்த நேரத்தில்தான் அஞ்சுவுக்கு அம்மை போட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவருக்கும் ஒரே பெஞ்சு. ஜெபமலர் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசினாள்.

"வியாழக்கிழமை பரீட்சை. அதுக்குள்ள ஆறிடும்னு டாக்டர் சொல்றார்," என்றாள் அஞ்சு. "ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியாது. இந்தத் தடவையும் சயின்ஸ்ல தோத்தா வேற ஸ்கூல்ல, மலையாள வகுப்புல சேர்த்துடுவேன்னு அப்பா சொல்லிட்டார்."

குரல் உடைந்தது. ஜெபமலர் ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்தாள்.

"என் புத்தகம் இருக்குல்லா? தாறேன். ஆனா அம்மை வீட்டுக்குள்ள போனது உடனே திரும்பி வராதாம். காப்பி எடுத்துட்டு வாறேன்."

ஆரியசாலையில் போட்டோஸ்டாட் கடை வைத்திருப்பவர் ஆனந்தகிருஷ்ணன் அண்ணாச்சி. புத்தகத்தை வாங்கி, நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கி, அட்டையைப் படித்தார்.

"இதை எடுக்கப்பிடாது மக்ளே. அட்டையில போட்டிருக்கு பாரு."

"அதை எழுதினதே நான்தான் அண்ணாச்சி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா."

"இந்தக் கையெழுத்தைப் பாருங்க. இதைத் தன்னோடதுன்னு வேற யாராவது ஒத்துக்குவாங்களா?"

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. எடுக்கலாம்னு நீயே ஒரு வரி எழுது. மதி, அது போதும்."

ஜெபமலர் பழைய வரியை அடித்துவிட்டு, 'இதைச் செய்தது ஜெபமலர்' என்று தொடங்கினாள். பென்சில் நின்றது.

ஷில்பா டீச்சருடைய தாளின் அடியில் ஒரு வரி இருந்தது. 'இதை யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், பிறருக்குத் தரலாம். செய்தவர் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். இதிலிருந்து நீங்கள் செய்வதையும் இதேபோல் எல்லோருக்கும் திறந்து வையுங்கள்.'

எல்லாவற்றையும் தமிழில் எழுதியவள் அந்த ஒரு வரியை மட்டும் விட்டிருந்தாள். டீச்சர் பெயரையும்தான். பக்கத்தில் இடமில்லை என்று அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுஜித்திடம் கேட்டிருந்தால் அவனும் அதையேதான் சொல்லியிருப்பான்.

காது இரண்டும் சூடாயின. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். 'மலையாளத்தில் செய்தது: ஷில்பா டீச்சர், கண்ணூர். தமிழில்: ஜெபமலர்.' அதன் கீழே, விட்டுப்போன வரி முழுவதையும்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. பின்னால் ஒரு குரல். "எனக்கும் ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

சுஜித். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அந்த மேப்புல உன் பேரைப் போடாதது தப்புதான்."

ஜெபமலரின் கை பையிலிருந்த கட்டரைத் தேடியது. ஆனால் கண், தான் எழுதிய வரியில் போய் விழுந்தது. யாரும் நகலெடுக்கலாம்.

"யாரும்னா நீயும்தான். எடுத்துத் தொலை."

வியாழக்கிழமை காலை, முகமெல்லாம் புள்ளிகளோடு அஞ்சு வந்தாள். அவள் கையிலிருந்த காப்பியைப் பார்த்து ஜெபமலர் திடுக்கிட்டாள். கல்லீரலை யாரோ அடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் வரைந்திருந்தார்கள்.

"என் படத்துல கை வச்சது யாரு?"

"நான்தான்," என்றான் சுஜித். "எனக்கு முன்னாடியே அம்மை வந்தாச்சு. அதனால அஞ்சு வீட்டுக்கே போய் மாத்திட்டு வந்தேன். கல்லீரல் வலது பக்கம்தானே?"

"வலது பக்கம்தான் வரைஞ்சிருக்கேன். டீச்சர்தான் மாத்திப் போட்டிருந்தாங்க. நான் சரி பண்ணேன்."

"படத்துல இருக்கிறவர் நம்மளைப் பார்த்து நிக்கிறார். அவரோட வலது, நமக்கு இடது."

ஜெபமலர் அவனைப் பார்த்தாள். எதிரே நின்ற அவனுடைய வலது கை, அவளுக்கு இடது பக்கம்தான் இருந்தது.

"மாத்தலாம்னு நீதானே எழுதியிருக்கே," என்றான் அவன் மெதுவாக. "கீழே பாரு."

அவள் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'கல்லீரலைத் திருத்தியது: சுஜித்.'

"இந்த ரோஸ் கறை யாரோடது?"

"அது என் மருந்து," என்றாள் அஞ்சு. "அதுக்கும் என் பேரை எழுதிடட்டுமா?"

கல்லீரலை வரைந்து காட்டு என்று பரீட்சையில் கேட்டிருந்தார்கள். மூன்று பேரும் சரியாக வரைந்தார்கள்.

விடைத்தாள் வந்த மறுநாள் அஞ்சு ஓடிவந்து பெஞ்சில் தொப்பென்று விழுந்தாள். "அடுத்த வருஷமும் இங்கதான்னு அப்பா சொல்லிட்டார்."

ஜெபமலர் கட்டரை எடுத்தாள். மூன்று பென்சில்களை மளமளவென்று சீவினாள்.

அஞ்சு பயந்துபோனாள். "என்னடீ, கோபமா?"

"இல்லை. அடுத்த பாடம் ரத்த ஓட்டம். ஷில்பா டீச்சர் பத்துப் பக்கம் போட்டிருக்காங்க." ஒரு பென்சிலை அஞ்சுவிடம் கொடுத்தாள். இன்னொன்றைப் பின் பெஞ்சுக்கு நீட்டினாள். "சுஜித்து, இதயம் எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிடு."