வடக்குச் சுவரைத் தொடாதே!

டயர் கடையின் டெலிபோன் அலறியது.

ஏர் கம்ப்ரஸரின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு காதில் ரிஸீவரை வைத்தான் சின்னவன்.

"யாரு?"

"ஏ.சி. மாட்ட வந்திருக்கோம் சார். உங்க வீட்ல இருந்துதான் பேசறேன்." கணீரென்ற பெண் குரல். "ஒரே ஒரு சந்தேகம். எந்தச் சுவர்ல ஓட்டை போடலாம்?"

சின்னவனின் கையிலிருந்த பில் புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது.

"ஓட்டையா...? யாரு சொன்னா ஓட்டை போடச் சொல்லி?"

"உங்க அண்ணிதான். அவங்க பெட்ரூமுக்கு."

அண்ணியின் பெட்ரூம்!

"எதையும் தொடாதீங்க!" அவன் போட்ட கூச்சலில் கடைக்குள் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் வர்றேன்! நான் வர்ற வரைக்கும் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது!"

பைக் சாவியைப் பாய்ந்து எடுத்தான்.

ஹெல்மெட்டை மறந்தான்.

பதினைந்து நிமிட தூரத்தை ஏழு நிமிடத்தில் கடந்தான்.

வழியெல்லாம் மனசுக்குள் ஒரே சுவர். வெள்ளை பெயிண்ட் அடித்த, பார்க்க சாதுவான, வடக்குச் சுவர்.

அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது சின்னவனைப் பொறுத்தவரை இந்த உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். அது அவன்தான். அவனுடைய அண்ணன் பெரியவனுக்குக்கூடத் தெரியாது.

பெரியவன் செத்து எட்டு மாதம் ஆகிறது.

*

வாசலில் பெரிய அட்டைப்பெட்டி நின்றது. அதன் மேல் காலை ஆட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். நீல நிற ஓவர்கோட். பாக்கெட்டில் ஸ்க்ரூ டிரைவர், காதில் பென்சில்.

"மெக்கானிக்கா?"

"ஆமா சார். ஊர்ல எல்லாரும் ஸ்பேனர்னு கூப்பிடுவாங்க. இவரு என் ஹெல்பர்."

ஹெல்பருக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது. வழுக்கை. தொப்பை. ஒரு ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, யாருக்கு வந்த விருந்தோ என்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"பெட்டியைத் தூக்கிட்டுக் கெளம்புங்க ரெண்டு பேரும்! ஏ.சி.யும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்!"

"அதைச் சொல்ல நீ யாரு?"

கதவருகே அண்ணி.

ஒல்லியான உடம்பு. ஆனால் அந்தப் பார்வையில் இருந்த சூட்டில் அப்பளமே பொரிக்கலாம்.

"அண்ணி... உங்களுக்கு வீசிங் இருக்கு. ஏ.சி. ஒத்துக்காது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதை நீ எப்போ பாத்திருக்க? ஜன்னலைத் திறந்தா ரோட்டுத் தூசி. சாத்தினா புழுக்கம். டாக்டரே சொல்லிட்டார், ஜன்னலைச் சாத்திட்டு ஏ.சி. போட்டுக்கன்னு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன்னை எதுக்குக் கேக்கணும்? இது என் வீட்டுக்காரர் கட்டின வீடு. நீ இங்கே ஒட்டிக்கிட்டு இருக்கறவன்!"

சின்னவன் பல்லைக் கடித்தான்.

எட்டு மாதமாக இப்படித்தான். ஒரே கூரை, தனித்தனி அடுப்பு. எதிரே வந்தால் முறைப்பு, பேசினால் சண்டை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வான். அவனால் பொறுக்க முடியாதது ஒன்றுதான்.

அவள் வீட்டை விட்டு நகரவே மாட்டேன் என்கிறாள்!

காய்கறி வாசலுக்கு வருகிறது. மருந்து போன் போட்டால் வருகிறது. உறவுக்காரர்கள் கல்யாணம் என்று கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்கிறாள். அவள் மட்டும் ஒரே ஒரு நாள் வெளியூர் போயிருந்தால், அந்தச் சுவரை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்து ஆற்றில் வீசியிருப்பான்.

"வாங்கம்மா, ரூமைக் காட்டறேன்." அண்ணி உள்ளே நடந்தாள்.

ஸ்பேனர் பின்னால் போனாள். ஹெல்பர் பின்னால் போனார்.

சின்னவனும் போனான். அந்த அறைக்குள் அவன் காலெடுத்து வைத்து எட்டு மாதம் ஆகிறது.

*

அறை நடுத்தரமானது. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு ஜன்னல். வடக்குச் சுவரை ஒட்டிக் கட்டிலின் தலைமாடு.

எட்டு மாதத்துக்கு முன், அன்று, அந்த இடத்தில் கட்டில் இல்லை. வீடு முழுக்க வயரிங் வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லாச் சுவர்களிலும் வெட்டிய பள்ளம். தூசி ஆகாதென்று அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வேலையாட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

"உனக்கு முப்பத்து நாலு வயசாகுது. தனியா வீடு பாத்துக்க. ஒரு வாரம்தான் டைம்" என்றான் பெரியவன். சொல்லிவிட்டு, போனைப் பார்த்தபடி முதுகைக் காட்டித் திரும்பினான்.

கொத்தனாரின் உளி சின்னவனின் கையருகே கிடந்தது.

ஒரே குத்து!

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பீரோவைக் கலைத்தான். நகைகளைக் கொல்லைக் கிணற்றில் போட்டான்; மறுபடி கிணற்றடிக்குப் போக நேரமில்லை. உளியையும் பெரியவனின் போனையும் துணியில் சுற்றி, வடக்குச் சுவரின் வலது மூலையில், வெட்டிவிட்டு வேண்டாமென்று விட்டிருந்த பள்ளத்தில் திணித்தான். சட்டியில் குழைத்துவைத்திருந்த சிமெண்டை அள்ளிப் பூசினான். எல்லாச் சுவரும் ஈரம். இதுவும் ஒரு ஈரம்.

கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "ஐயோ அண்ணா!" என்று தெருவே கூடும்படி அலறினான்.

திருடன் வந்தான், குத்தினான், நகையோடு ஓடினான். போலீஸ் நம்பியது. பெயிண்டர் வந்து எல்லாச் சுவரையும் வெள்ளையாக்கிவிட்டுப் போனான்.

"சார்... கனவா?"

ஸ்பேனரின் குரலில் சின்னவன் திடுக்கிட்டான்.

"என்ன?"

"எங்க மாட்டலாம்னு கேட்டேன்."

"மேற்குச் சுவர்ல மாட்டுங்க!"

"சாயங்கால வெயில் அங்கதான் சார் அடிக்கும். அவுட்டோர் மெஷினை வெயில்ல வெச்சா, அது ரூமைக் குளிர வைக்காது. தன்னைக் காப்பாத்திக்கவே சரியா இருக்கும். அதோட ஜன்னலுக்கு மேல இடமும் இல்லை."

"அப்போ தெற்கு."

"அந்தப் பக்கம் பாத்ரூம். சுவருக்குள்ள தண்ணி பைப்பு. குத்தினா உங்க வீட்டுக்குள்ளயே நீச்சல் குளம்."

"கிழக்கு இருக்குல்ல? கிழக்குக்கு என்ன கேடு?"

"அது ஹாலுக்கும் இந்த ரூமுக்கும் நடுவுல இருக்கற சுவர். ஏ.சி. தண்ணி வடியற ட்யூப் சரிவா இறங்கணும் சார். ஹாலைச் சுத்திக் கொண்டுபோனா சரிவு கிடைக்காது. தண்ணி திரும்பி வந்து உங்க டி.வி. மேல சொட்டும்."

ஸ்பேனர் காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். நேராக நீட்டினாள்.

"வடக்கு! வெளியில சந்து, நாள் முழுக்க நிழல். அவுட்டோர் மூச்சு விட இடம் இருக்கு. தண்ணி நேரா கீழ இறங்கிடும். இதுக்குன்னே கட்டின சுவர் சார் இது."

சின்னவனின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"தலைமாட்டுல மாட்டினா குளிர் காத்து நேரா மூஞ்சில அடிக்கும்! அண்ணிக்கு வீசிங் வந்து செத்துப் போயிட்டா?"

"கட்டிலைத் திருப்பிப் போட்டாப் போச்சு." அண்ணி குறுக்கே வந்தாள். "என் உசுரு மேல உனக்கு என்ன இவ்வளவு அக்கறை? நான் செத்தா வடை சுட்டுத் தின்பியே!"

"அண்ணி, வாயை அடக்குங்க!"

"நீ முதல்ல வேர்வையைத் தொடை!"

ஹெல்பர் நிதானமாக ஏணியை விரித்துச் சுவரில் சாய்த்தார். ஸ்பேனர் ஏறினாள். சுவரின் இடது மூலையில் பென்சிலை வைத்தாள்.

"இங்க ஓட்டை போடவா?"

"போடுங்க." சின்னவன் மூச்சு விட்டான்.

ஏணி நகர்ந்தது. பென்சில் நடுவுக்கு வந்தது.

"இங்க?"

"ம்... அங்கயும் போடலாம்."

ஏணி இன்னும் நகர்ந்தது.

"இங்க?"

"அ... அங்க வேண்டாம்."

"இன்னும் ஒரு சாண் வலது பக்கம்?"

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

"கொஞ்சம் மேல?"

"அந்த மூலையைத் தொடாதே!!"

தெருவில் ஏதோ ஆட்டோ இருமிக்கொண்டு போனது.

"ஏன் சார்?" ஸ்பேனர் ஏணியிலிருந்தே கேட்டாள்.

"அது... அங்க கரண்ட் வயர் போகுது."

"போர்டு எதிர்ப்பக்கம் இருக்கு. இங்க எப்படி சார் வயர் வரும்?"

"வெடிப்பு! சுவர் வீக்கா இருக்கு. ஓட்டை போட்டா இடிஞ்சு விழுந்துடும். இடது மூலையில போடுங்க! காசு கூட வேணும்னாலும் வாங்கிக்கங்க!"

ஸ்பேனர் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையை அசைத்தாள்.

"சரி. இடதே போடறேன்."

மெஷின் உறுமியது. வட்டப் பல் சுவரைக் கடித்தது. சிமெண்ட் தூசி பறந்தது. அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஐந்தாவது நிமிடத்தில் சுவரில் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது.

அவ்வளவுதான். முடிந்தது!

சின்னவனுக்கு எட்டு மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போலிருந்தது.

"நல்ல வேலைக்காரி நீங்க" என்றான். "சீக்கிரம் மாட்டிட்டுக் கெளம்புங்க."

"இன்னொரு ஓட்டை பாக்கி இருக்கே" என்றார் ஹெல்பர்.

அவர் வாயைத் திறந்ததே அப்போதுதான்.

"ஒரு ஓட்டை போதாதா?"

"அது ஏ.சி.க்கு. இது எனக்கு."

ஹெல்பர் கருவிப் பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். தொப்பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏணியில் ஏறினார். நேராக, மிக நேராக, வலது மூலைக்கு.

"யோவ்! இறங்குய்யா! எவன்யா நீ?"

ஹெல்பர் சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் அதே முகம்... ஆனால் போலீஸ் தொப்பியோடு!

"க்ரைம் பிராஞ்ச் இன்ஸ்பெக்டர். உங்க ஸ்டேஷனுக்கு மாத்தலாகி வந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு. அதான் தம்பிக்கு என் மூஞ்சி தெரியல."



டங்!

முதல் அடியில் பெயிண்ட் விரிசல் விட்டது.

டங்!

இரண்டாவது அடியில் பூச்சு பெயர்ந்தது.

மூன்றாவது அடிக்குச் சுத்தியல் உயர்ந்தபோது, சின்னவனின் மூளை மின்னலாக வேலை செய்தது. அகப்பட்டால் என்ன? வயரிங் நடந்த வீடு. பத்துப் பேர் வந்துபோன வீடு. பழியைத் தூக்கி யார் தலையிலாவது போடு!

"அந்தப் போனும் உளியும் நான் வெச்சதில்லை!" என்று கத்தினான். "கொத்தனார் வெச்சிருப்பான்! அவன்தான் அண்ணனைக் குத்தியிருப்பான்! எனக்கு ஒண்ணும் தெரியாது!"

டங்!

பூச்சு முழுதாக உதிர்ந்து கட்டில் மேல் விழுந்தது. சுவரில் கறுப்பாக ஒரு பொந்து.

இன்ஸ்பெக்டர் உள்ளே கையை விட்டார். துழாவினார். கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினார்.

வெறும் கை!

பொந்து... காலி!

"எந்தப் போன் தம்பி?" இன்ஸ்பெக்டர் அன்பொழுகக் கேட்டார். "எந்த உளி?"

 

"போன வியாழக்கிழமையே நான் இடம் பாக்க வந்தேன் சார்." ஸ்பேனர் ஏணியைப் பிடித்தபடி சொன்னாள். "மாட்டறதுக்கு முன்னாடி சுவரைத் தட்டிப் பாக்கறது என் வழக்கம். அந்த மூலையில மட்டும் உள்ளே காலியா இருக்கற மாதிரி சத்தம். மேடம் உடைக்கச் சொன்னாங்க. துணி மூட்டையைப் பாத்ததும் மேடம் மயங்கி விழுந்துட்டாங்க. எழுந்ததும் முதல் வேலையா போலீஸுக்குப் போன் போட்டாங்க."

"உளியில ரத்தம் இருந்துச்சு. ஆனா கைரேகை தேறலை" என்றார் இன்ஸ்பெக்டர். "அதை மட்டும் வெச்சு உங்களைப் பிடிச்சா, இப்ப சொன்னீங்களே, அதே கொத்தனார் கதையைக் கோர்ட்லயும் சொல்லியிருப்பீங்க. அதான் பொந்தை மூடி, பெயிண்ட் அடிச்சு, உங்களை வரவழைச்சோம். உள்ளே என்ன இருந்துச்சுன்னு நாங்க ஒருத்தரும் வெளியில சொல்லலை. எந்த மூலைன்னு நீங்களே காட்டினீங்க. என்ன பொருள்னு நீங்களே சொன்னீங்க."

ஸ்பேனர் ஓவர்கோட் பாக்கெட்டிலிருந்து தன் செல்போனை எடுத்தாள். திரையில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவன் வாசலை நோக்கிப் பாய்ந்தான்.

வாசலில் கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர். மார்பில் மோதி நின்றான். விலங்கு 'க்ளிக்' என்றது.

"அண்ணி... அண்ணி, நான் வேணும்னு செய்யலை. கோவத்துல..."

அண்ணி அருகே வந்தாள். கண் முழுக்க நீர். ஆனால் குரல் இரும்பு.

"எட்டு மாசம்டா! அவரைக் கொன்ன உளிக்குக் கீழ தலையை வெச்சுத் தூங்கியிருக்கேன். நீ அந்தப் பக்க ரூம்ல குறட்டை விட்டிருக்க!"

ஓங்கி ஒரு அறை. கான்ஸ்டபிள்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

ஜீப் கிளம்பியது. தெரு முனை திரும்பும்வரை அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்பேனர் தயங்கித் தயங்கி அட்டைப்பெட்டியைக் காட்டினாள்.

"மேடம்... இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஏ.சி.யை அந்த ரூம்லயே மாட்டிடவா? இல்லை, வேற இடம் பாக்கலாமா?"

அண்ணி ஒரு கணம் யோசித்தாள்.

"அவன் ரூம்லயே மாட்டிடும்மா, நான் அங்க மாறிக்கறேன்... அவனுக்கு அது இனி ஆயுசுக்கும் தேவைப்படாது!"