பழைய ஸ்பாஞ்ச்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மீன்தொட்டியின் சத்தம் மூன்று முறை கேட்டது. குளுகுளுவென்று குமிழி, ஓர் இழுப்பு, ஓர் இடைவெளி. மூன்றாவதோடு நின்றுவிட்டது. பிளக்கைக் கையில் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். பட்டப்பகல். ஹாலில் வெயில் விழுந்து கிடந்தது. பக்கத்து அறையில் ஏழு மாதக் குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லாத நேரம்தான். ஆனாலும் போய்க் குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள்.

"குழாயில மிச்சக் காத்து இருந்திருக்கும்," என்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கணவன் சிரித்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாங்க. உனக்கு வெளிச்சத்துலயே தெரியுதா? அப்பா ஆசையா வளர்த்த மீனு, யாருக்கும் குடுக்க மாட்டேன். சத்தம் தொந்தரவா இருந்தா வேற ஃபில்டர் பாத்து வாங்கு."

அது என்ன சத்தம் என்று அவனிடம் எப்படிச் சொல்வாள்? மாமனாரின் கடைசி இரண்டு மாதமும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் அவர் கட்டிலும் ஆக்ஸிஜன் மெஷினும் இருந்தன. மெஷினில் மாட்டிய தண்ணீர்ப் புட்டியில் குமிழி வரும், பிறகு அவர் மூச்சை இழுப்பார். ராப்பகலாக அதேதான். கைக்குழந்தை கண் மூடாது. அவள் ஒன்றும் கெட்டவள் இல்லை. முகம் சுளிக்காமல் அவருக்கு எல்லாம் செய்தவள். ஒரு மத்தியானம், இரண்டு மணி நேரம் வீறிட்ட பிள்ளை அப்போதுதான் அசந்திருந்தது. ஐந்தே நிமிடம் என்று நினைத்து மெஷினை அணைத்துவிட்டுச் சுவரில் தலை சாய்த்தாள். கண் விழித்தபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. மெஷினை மறுபடி போட்டுவிட்டுத்தான் கணவனைக் கூப்பிட்டாள். நான்கு மாதமாக அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

வண்ணமீன் கடைக்காரர் வாயாடி. தொட்டிக்கு உள்ளே மாட்டுவது, விளிம்பில் தொங்குவது, கீழே வைப்பது என்று மேஜை முழுக்கப் பரப்பிவிட்டார்.

"எனக்குச் சத்தமே வரக் கூடாதுங்க."

"அப்ப இதைக் கொண்டு போங்கம்மா. ஓடுதா இல்லையான்னு கை வெச்சுப் பாத்தாதான் தெரியும். என் மச்சான் மாதிரி, இருக்கிற இடமே தெரியாது." சிரித்துவிட்டு விரலை உயர்த்தினார். "ஆனா பழசை உடனே தூக்கிப் போட்டுடாதீங்க. ரெண்டையும் ஒரு மாசம் சேத்து ஓட்டுங்க. பழைய ஸ்பாஞ்சுல உயிர் இருக்கு."

"உயிரா?"

"கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. தண்ணியைக் காப்பாத்துறதே அதுதான். மெல்ல மெல்ல புதுசுக்குக் குடி மாறிடும். குழாய்த் தண்ணியில மட்டும் கழுவிடாதீங்க, செத்துடும்."

இன்னும் ஒரு மாதமா? ஒரு நாள்கூட அவளால் முடியாது. வீட்டுக்கு வந்ததும் பழைய ஃபில்டரைக் கழற்றி, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்தாள். பழுப்பாக வழிந்த தண்ணீரில் மீன் வாடை இல்லை. மருந்தும் தைலமும், நாள்பட்ட தலையணையின் வியர்வையும் கலந்த வாடை. தெளிந்த தண்ணீர் வரும்வரை பிழிந்து பிழிந்து எடுத்தாள். தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் அதைப் போட்டுவிட்டு வந்து சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினாள்.

புது ஃபில்டர் சத்தமில்லாமல் ஓடியது. அப்பாடா என்று உட்கார்ந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் ஐந்து மீன்களும் மேலே வந்து நின்றன. வாயைத் தண்ணீருக்கு மேல் நீட்டித் திறந்தன, மூடின. ஐந்தும் ஒன்றாக. திறந்தன. மூடின. பிறகு ஓர் இடைவெளி. தொட்டியில் துளிச் சத்தம் இல்லை.

சத்தம் பக்கத்து அறையிலிருந்து வந்தது.

குளுகுளு. இழுப்பு.

ஓடினாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. குட்டி நெஞ்சு ஏறி இறங்கியது. திறந்திருந்த வாயிலிருந்து அது வந்தது. பிள்ளையின் மூச்சு இல்லை. களைத்த கிழட்டு மூச்சு.

வாரித் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். "கண்ணு... என் கண்ணு..." சத்தம் இப்போது அவள் காதுக்குள். குழந்தை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அழவில்லை. மருந்து ஊட்டும்போது மாமனார் பார்ப்பாரே, அந்தப் பொறுமையான பார்வை.

"மாமா," என்றாள். "என் புள்ளைய விட்டுடுங்க மாமா. நான்தான் அணைச்சேன். அஞ்சு நிமிஷம்தான்னு நினைச்சேன்."

குமிழி. இழுப்பு. இடைவெளி.

குமிழி. இழுப்பு.

இடைவெளி.

நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று குழந்தையின் வாயில் காதை வைத்துக் காத்திருந்தாள். கதவு வழியே ஹால் தெரிந்தது. தண்ணீருக்கு மேல் ஐந்து வாய்களும் திறந்தபடி நின்றன. ஒன்றும் மூடவில்லை.