உட்காரக் கூடாத நாற்காலிகள்

ஜெனிட்டாவுக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். அந்தச் சனிக்கிழமை, தெலுங்கும் ஹிந்தியும் புழங்கும் கச்சிபௌலியில் புதிதாகத் திறந்த பெரிய கடைக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் அவளுடைய இரண்டு காதும் மிளகாய்ப் பழம் மாதிரி ஆகிவிட்டன.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அது. சம்பளம் வாங்கிய கையோடு ஊரே அங்கே வந்திருந்தது.

ஜெனியின் அம்மா ஆக்னஸுக்கு முடக்குவாதம். அது வயதானவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று பலரும் நினைக்கிறார்கள். அம்மாவுக்கு வயது முப்பத்தாறுதான். சில நாள் எல்லாரையும் போல நடப்பார். சில நாள் பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடியாது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெரிய தொல்லையே அதுதான்.

ஆனாலும் மாதச் சாமான் வாங்க அம்மாதான் வருவார். அப்பா ஃபெலிக்ஸை அனுப்பினால் துவரம் பருப்புக்குப் பதிலாகக் கடலைப் பருப்போடு வந்து நிற்பார். அம்மாவோ அரிசியைக் கையில் அள்ளி, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். அந்த ஒரு நாள்தான் அம்மா வீட்டை விட்டு வெளியே வரும் நாள். அதனால் ஜெனிக்கும் அது பிடித்த நாள்.

பாதிக் கடை நடப்பதற்குள் அம்மாவின் முகம் சுருங்கியது.

"ஏட்டி, கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. எங்கனயாவது உட்காரணும்."

ஜெனி சுற்றிப் பார்த்தாள். அடுத்த வரிசை முழுக்க நாற்காலிகள்! பிளாஸ்டிக் நாற்காலி, மர நாற்காலி, ஸ்டூல், சோபா. அம்மாவைக் கூட்டிப்போய் ஒரு சோபாவில் உட்கார வைத்தாள்.

எங்கிருந்துதான் வந்தாரோ, காவலாளி ஒருவர் ஓடி வந்தார். சட்டையில் நூர் முகமது என்று பெயர் இருந்தது.

"பைட்னா நக்கோ, மேடம்! உட்காரக் கூடாது. போர்டு பாருங்க" என்றார் ஹிந்தியில்.

சோபாவின் முதுகில் பெரிய அட்டை ஒன்று தொங்கியது.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்றாள் ஜெனியும் ஹிந்தியில்.

அவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தானே இருக்காங்க?"

அப்போதுதான் ஜெனியின் காது சிவந்தது. நல்லா இருக்கிறார்களா இல்லையா என்று இவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாற்காலிகளை வைத்துக்கொண்டு ஒன்றில்கூட உட்காரக் கூடாது என்றால் அது என்ன கடை?

"விடுட்டி. பில் போட்டுட்டுப் போயிருவோம்" என்று அம்மா எழுந்துவிட்டார்.

பில் போடும் இடத்தில் இவர்களுக்கு முன்னால் பதினெட்டு தள்ளுவண்டிகள் நின்றன. அம்மா தங்கள் வண்டியின் மேல் சாய்ந்தார். அது சட்டென்று உருண்டது. அம்மா விழப்போனார். ஜெனிதான் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசத்துல இருந்து அப்பாவே வரட்டும். நான் இனி வரல" என்றார் அம்மா. கண் கலங்கியிருந்தது.

ஜெனி அந்தச் சோபாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், சோபா மட்டும் இங்கே ஜம்மென்று இருக்க வேண்டுமா?

அப்போது கடைசிக் கவுண்டர் கண்ணில் பட்டது. ஐந்து பொருளுக்குக் குறைவாக வாங்குபவர்களுக்கான கவுண்டர் அது. அங்கே ஒரு ஆளும் இல்லை!

"அம்மா, பர்ஸைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"வந்து சொல்றேன்."

ஓடினாள். நீல நிற ஸ்டூல் ஒன்றை எடுத்தாள். கடைசிக் கவுண்டரில் பில் போட்டாள். திரும்பி வந்து அம்மாவின் பின்னால் வைத்தாள்.

"உட்காருங்க."

அம்மா உட்கார்ந்தார். அப்பாடா என்று பெருமூச்சு விட்டார்.

நூர் முகமது மறுபடியும் ஓடி வந்தார். "பைட்னா நக்கோ!"

ஜெனி பில்லை நீட்டினாள். "இது உங்க ஸ்டூல் இல்லை. எங்க ஸ்டூல்."

அவர் பில்லை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மேனேஜரைக் கூப்பிட்டார். கழுத்தில் டை கட்டிய சந்திரமோகன் வந்தார்.

"பாப்பா, கடைக்குள் உட்காரக் கூடாது. அதுதான் ரூல்."

"சோபாவில் போர்டு இருக்கு, சார். எங்க ஸ்டூலில் போர்டு எங்கே இருக்கு?"

சந்திரமோகன் குனிந்து ஸ்டூலைப் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார்! வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் டையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

வரிசை நகர நகர அம்மா எழுந்தார், ஜெனி ஸ்டூலை நகர்த்தினாள், அம்மா உட்கார்ந்தார். அப்போது ஜெனி ஒன்றைக் கவனித்தாள். நூர் முகமது ஒரு கால் மாற்றி மறு காலில் நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்க எப்ப உட்காருவீங்க?" என்று கேட்டாள்.

"சாப்பிடும்போது" என்றார் அவர். "காலையில் எட்டு மணிக்கு வந்தேன்."

இவருக்குமா உட்கார இடமில்லை? ஜெனியின் கோபம் அவரை விட்டுவிட்டுக் கடை முழுவதன் மேலும் பாய்ந்தது.

பில் போட்டதும் ஜெனி கவுண்டர் அக்காவிடம் மார்க்கர் பேனா வாங்கினாள். ஸ்டூலின் மேல் 'தயவுசெய்து உட்காரவும்' என்று ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் ஹிந்தியிலும் எழுதினாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது. அதை அம்மா எழுதினார்.

பிறகு ஸ்டூலை வாசலில் பைகள் வைக்கும் இடத்துக்குத் தூக்கிப் போனாள். "இதை வச்சுக்கிட்டு டோக்கன் குடுங்க. அடுத்த மாசம் வருவோம். அதுவரைக்கும் கால் வலிக்கிறவங்க யார் கேட்டாலும் குடுங்க."

அங்கே இருந்தவர் விழித்தார். நூர் முகமது அவரிடம் சொன்னார்: "ஹவ், சரி, குடு. நான் பார்த்துக்கறேன்."

அடுத்த மாதம் அம்மாதான் முதலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். "அந்த டோக்கனை எடுத்தியாட்டி?"

கடையில் டோக்கனைக் கொடுத்தால் அந்த இடத்தில் ஸ்டூல் இல்லை. "பில் போடுற இடத்துல இருக்கு" என்றார்கள்.

போய்ப் பார்த்தார்கள். நீல ஸ்டூலில் நூர் முகமது உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் துள்ளி எழுந்தார்.

"உட்காருங்க, மேடம், உட்காருங்க!"

அம்மா தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஹிந்தியை எல்லாம் சேர்த்துச் சொன்னார்:

"நான் இன்னும் அரிசியே எடுக்கல, பாய். நான் வர்ற வரைக்கும் நீங்க உட்காருங்க."